ரெட் ஷாஃப்ட் குழு விலகிய வருடம்

நாடகக் கூட்டமைப்புக்கு ஐம்பது வயது நிறைகிறது, அதன் வரலாற்றை எழுதித் தாருங்கள் என்று கேட்டபோது ஹெல்மி டிரெவாரோவால் மறுக்க முடியவில்லை. இருபத்திரண்டு வருடம் செயலாளராக இருந்தவள். தபால் நிலைய வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் பத்து வருடம் ஆகிறது. பழைய கடிதங்கள், நிகழ்ச்சி நிரல்கள், நடுவர்களின் குறிப்புகள் என்று எட்டு அட்டைப்பெட்டிகள் அவள் வீட்டு நிலவறையில்தான் கிடக்கின்றன.

"உங்களை விட்டா வேற யாருக்கு எல்லாம் தெரியும்?" என்றாள் இப்போதைய தலைவி ஜனீன்.

உண்மைதான். எல்லாம் தெரியும் என்பதுதான் சிக்கலே.

ஆரம்பம் சுலபமாக இருந்தது. 1966 இலையுதிர் காலத்தில், அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரிக்கரை ஊர்கள் மூன்றில், ஒரே மாதத்தில், ஒரே நகைச்சுவை நாடகத்தைப் போட்டார்கள். மூன்றாவது ஊரில் நடிகர்கள் வாயைத் திறப்பதற்கு முன்பே சனம் சிரித்துவிட்டது. அடுத்த வாரமே மூன்று ஊர்க்காரர்களும் ஒரு லூத்தரன் தேவாலயத்தின் நிலவறையில் கூடினார்கள். இனி யார் எதைப் போடப்போகிறோம் என்பதை ஒருவருக்கொருவர் தபால் அட்டையில் எழுதித் தெரிவித்துக்கொள்வது என்று முடிவானது. அந்தத் தபால் அட்டைதான் வளர்ந்து பதினான்கு ஊர்களின் நாடகக் கூட்டமைப்பாயிற்று. பிறகு திரைச்சீலையை இரவல் கொடுத்தார்கள், விளக்குகளை இரவல் கொடுத்தார்கள், தேவைப்பட்டால் கதாநாயகனையும் இரவல் கொடுத்தார்கள். 1969 முதல் ஒவ்வொரு மார்ச்சிலும் ஓரங்க நாடகப் போட்டி. ஹெல்மி இதையெல்லாம் சிரித்துக்கொண்டே எழுதினாள். ஆறு அத்தியாயம் தடங்கலில்லாமல் ஓடின.

ஏழாவது அத்தியாயத்தில், 1981 மார்ச்சில், பேனா நின்றது.

பத்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு ஜனீன் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"ஏழாவது எங்க? அச்சகத்துல தினம் கேக்கறாங்க."

"அதுல ஒரு தகராறு இருக்கு ஜனீன்."

"ரெட் ஷாஃப்ட் தகராறா? 'பல காரணங்களால் மேற்கு ஊர்கள் மூன்றும் விலகின'ன்னு ஒரு வரி போட்டுட்டு மேல போங்க. இன்னைக்கு யாருக்கு அதெல்லாம் ஞாபகம் இருக்கு?"

"எனக்கு இருக்கே," என்றாள் ஹெல்மி.

பல காரணங்கள் இல்லை, ஒரே காரணம்தான் என்பது அவள் எண்ணம். அந்தக் காரணம் அவளேதான்.

அந்த வருடம் போட்டி ஹெல்மியின் ஊரான ஆகேட் ஹார்பரில், பள்ளிக்கூட அரங்கில் நடந்தது. அவளுக்கு அப்போது முப்பத்தாறு வயது. ஸ்டாப்வாட்ச் பிடிக்கும் வேலையைக் கொடுத்திருந்தார்கள். ஒரு நாடகம் நாற்பத்தைந்து நிமிடத்துக்கு ஒரு வினாடி மேலே போனாலும் போட்டியிலிருந்து நீக்கம். மேடையில் முதல் வெளிச்சமோ முதல் வசனமோ, எது முன்னால் வருகிறதோ அதிலிருந்துதான் நேரம் கணக்கு. விதிப்புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது.

கடைசியாக வந்தது ரெட் ஷாஃப்ட் சுரங்கத் தொழிலாளர்களின் குழு. 'கூண்டு மேலே வருகிறது' என்று அவர்களே எழுதிய நாடகம். சுரங்கத்துக்குள் பாறை சரிந்துவிட்டது. ஆட்களை ஏற்றி வரும் இரும்புக் கூண்டுக்காக மேலே மனைவிமார் காத்திருக்கிறார்கள். அவ்வளவுதான் கதை. அரங்க விளக்குகள் அணைந்தன. ஹெல்மி கடிகாரத்தை அமுக்கினாள். ஆனால் மேடையில் வெளிச்சம் வரவில்லை. மின்பலகையில் ஏதோ கோளாறு. கும்மிருட்டில் யாரோ இருமினார்கள், யாரோ கிசுகிசுத்தார்கள். கடிகாரம் பாட்டுக்கு ஒன்றரை நிமிடம் ஓடியது. வெளிச்சம் வந்ததும் நாடகம் அவளை இழுத்துக்கொண்டது. மற்றதெல்லாம் மறந்துபோனது.

முடிவில் நாற்பத்தைந்து நிமிடம், நாற்பது வினாடி. அப்படியே எழுதிக் கொடுத்தாள். ரெட் ஷாஃப்ட் நீக்கப்பட்டதாக அன்றைய தலைவர் மேடையேறி அறிவித்தார். கோப்பை வேறொரு ஊருக்குப் போனது.

மறுநாள் காலை காப்பி போட்டுக்கொண்டிருக்கும்போதுதான் அவளுக்கு உறைத்தது. இருட்டு கணக்கில் சேராது. அந்த ஒன்றரை நிமிடத்தைக் கழித்தால் அவர்கள் நேரத்துக்குள்தான் முடித்திருக்கிறார்கள்.

திங்கட்கிழமை சொல்லிவிடலாம் என்று இருந்தாள். திங்கட்கிழமை ரெட் ஷாஃப்டின் ராஜினாமாக் கடிதம் வந்தது. வியாழக்கிழமைக்குள் பக்கத்து ஊர்கள் இரண்டும் விலகின. ஒரு வாரம் போனதும் சொல்வது கடினமாயிற்று. ஒரு வருடம் போனதும் முடியாததாயிற்று. மேற்கு ஊர்களில் பன்னிரண்டு வருடம் நாடகமே இல்லை. கூட்டங்களில் யாராவது ரெட் ஷாஃப்ட் என்று பெயரெடுத்தால் ஹெல்மி எழுந்துபோய்க் காப்பிக் கெண்டியை நிரப்பிக்கொண்டு வருவாள். கணவனிடம்கூடச் சொன்னதில்லை. அவனும் போய்ச் சேர்ந்துவிட்டான்.

இப்போது எழுதத்தான் வேண்டும் என்று தீர்மானித்தாள். ஆனால் அச்சில் ஏறுவதற்கு முன்னால் அந்த மனிதரின் காதில் ஏற வேண்டும். குழுவின் இயக்குநர் ரெய்னோ ஹிர்வேலா இன்னும் இருக்கிறார், எண்பத்து மூன்று வயது என்று விசாரித்துத் தெரிந்துகொண்டாள். 1981ஆம் வருடத்துக் காகிதங்கள் இருந்த உறையைக் காரில் போட்டுக்கொண்டு, மார்ச் முதல் வாரத்தில் ஒரு காலை கிளம்பினாள். எழுபது மைல் பனிச்சாலை. வழியில் மூன்று முறை திரும்பிவிடலாமா என்று நினைத்தாள். ஒரு முறை நிஜமாகவே காரைத் திருப்பி இரண்டு மைல் வந்து, தன்னைத் தானே திட்டிக்கொண்டு மறுபடியும் மேற்கே ஓட்டினாள்.

ரெட் ஷாஃப்ட் பெட்ரோல் நிலையத்தில் இருந்த பெண் ஏரிப்பக்கம் கையைக் காட்டினாள். "ரெய்னோவா? பனிக்கட்டி மேல இருப்பார். பச்சைக் குடிசை. குழாய்ல புகை வந்தா முழிச்சிருக்கார், வரலைன்னா தூங்கறார்."

புகை வந்துகொண்டிருந்தது. உறைந்த ஏரிமேல் நடந்துபோய் ஹெல்மி கதவைத் தட்டினாள்.

"திறந்துதான் இருக்கு. சீக்கிரம் உள்ள வாங்க, சூடெல்லாம் வெளிய போகுது."

உள்ளே ஒரு சின்ன அடுப்பு, பனிக்கட்டியில் வெட்டிய ஒரு துளை, துளைக்குள் ஒரு தூண்டில் நரம்பு. காதுவரை தொப்பியை இழுத்துவிட்ட நெடிய கிழவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். கவிழ்த்து வைத்த வாளியைக் காட்டி உட்காரச் சொன்னார்.

"நான் ஹெல்மி டிரெவாரோ. ஆகேட் ஹார்பர்."

"நாடகக்காரங்களா?" என்று கிழவர் சிரித்தார். "என்ன, கோப்பையைக் கொண்டாந்துட்டீங்களா?"

"கோப்பை இல்லை. அன்னைக்குக் கடிகாரம் பிடிச்சது நான்தான்."

அவர் சிரிப்பு நின்றது. ஹெல்மி எழுபது மைலும் ஒத்திகை பார்த்த வார்த்தைகள் ஒன்றுகூட வரவில்லை. "அரங்க விளக்கு அணைஞ்சதும் நான் அமுக்கிட்டேன். அமுக்கியிருக்கக் கூடாது. உங்க மேடையில ஒன்றரை நிமிஷம் இருட்டா இருந்தது, அதையும் சேத்து எழுதிட்டேன். நீங்க நேரத்துக்குள்ளதான் முடிச்சீங்க. எனக்கு மறுநாளே தெரியும். சொல்லலை. முப்பத்தஞ்சு வருஷமா சொல்லலை. கோப்பை உங்களுது. அந்தத் தொண்ணூறு செகண்ட் என் தப்பு."

தூண்டில் நரம்பு இரண்டு முறை துடித்தது. ரெய்னோ அதைக் கவனிக்கவில்லை.

"தொண்ணூறு இல்லை," என்றார். "தொண்ணூத்தி நாலு."

ஹெல்மிக்குப் புரியவில்லை.

"விளக்குப் பலகைல இருந்த எங்க பையன், பாவம், பதட்டத்துல ஒவ்வொரு செகண்டா எண்ணியிருக்கான். வேன்ல ஏறினதுமே என்கிட்ட சொன்னான். 'ரெய்னோ, அவங்க இருட்டையும் சேத்து எண்ணிட்டாங்க, திரும்பிப் போய்க் கேப்போம்'னான். நான்தான் வாயை மூடுடான்னேன்."

"ஏன்?"

கிழவர் அடுப்பில் ஒரு கட்டையைப் போட்டார்.

"சுரங்கம் மூடப்போறாங்கன்னு அந்த வாரம்தான் நோட்டீஸ் ஒட்டினாங்க. எங்க முக்கிய நடிகன் டெல்பர்ட் போட்டியன்னைக்குக் காலைலதான் வந்து சொல்றான், வையோமிங்ல வேலை கிடைச்சிருச்சு, பத்து நாள்ல கிளம்பறேன்னு. கூட இன்னும் ரெண்டு பேர். ஆறு பேர்ல மூணு பேர் அவுட். ஜெயிச்சிருந்தா மே மாசம் மாநில விழாவுக்குப் போகணும். யாரைக் கூட்டிட்டுப் போறது? இந்தத் தூண்டிலையா? மேடையில நின்னு, 'எங்ககிட்ட ஆள் இல்லீங்க, எங்க ஊரே காலியாகுது'ன்னு சொல்லணும். அதுக்கு, ஏமாத்திட்டாங்கன்னு கோவிச்சுக்கிட்டு வெளியேறறது எவ்வளவோ மேல் இல்லையா?"

"அப்ப அந்த ராஜினாமாக் கடிதம்?"

"நானே எழுதினேன். நல்லா இருந்ததுல்ல?"

"ரொம்ப நல்லா இருந்தது," என்றாள் ஹெல்மி, தன்னை அறியாமல். "கூட விலகின ரெண்டு ஊரு?"

"அவங்ககிட்டயும் ஆள் ஏது? எங்க கோபத்துல அவங்களும் ஒண்டிக்கிட்டாங்க. சுரங்கம் மூடினதுக்கு யாரைப் போய்த் திட்டறது? கம்பெனிக்காரன் எங்கயோ நியூயார்க்ல உக்காந்திருக்கான். எல்லாருமாச் சேந்து உங்க கடிகாரத்தைத் திட்டினோம். ஒரு வருஷத்துக்கு ஊரே என்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு பீர் வாங்கிக் கொடுத்தது."

ஹெல்மி வாளியிலிருந்து எழுந்துவிட்டாள். கூரை தாழ்வாக இருந்ததால் தலை இடித்தது. "பீரா! யோவ், நான் முப்பத்தஞ்சு வருஷமா மார்ச் மாசம் வந்தா சரியா சாப்பிட்டதில்லை. பன்னெண்டு வருஷம் மூணு ஊர்ல நாடகம் இல்லாமப் போனது என்னாலதான்னு நினைச்சு நினைச்சு செத்தேன். நீங்க இங்க பீர் குடிச்சிட்டிருந்தீங்களா?"

"உங்களுக்குத் தெரியாதுன்னு நினைச்சேன்ம்மா!" ரெய்னோவும் குரலை உயர்த்தினார். "கடிகாரம் பிடிச்ச பொண்ணு ஏதோ தெரியாம அமுக்கிட்டா, அதுபாட்டுக்கு நிம்மதியா வீட்டுக்குப் போயிருக்கும்னு நினைச்சேன். தெரிஞ்சு தவிச்சிட்டிருக்குன்னு ஒரு வார்த்தை காதுல விழுந்திருந்தா மறுநாளே வண்டி எடுத்துட்டு வந்திருப்பேன். சத்தியமா."

இருவரும் மூச்சு வாங்க ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு ஹெல்மிக்குச் சிரிப்பு வந்தது. முதலில் மூக்கில் வந்தது, அப்புறம் வயிற்றிலிருந்து வந்தது. கண்ணில் நீர் வழிந்தது. மார்பின் மேல் இத்தனை காலம் யாரோ உட்கார்ந்திருந்து, இப்போது எழுந்து நகர்ந்துகொண்டதுபோல இருந்தது. கிழவர் தன் கைக்குட்டையை நீட்டினார். அதில் மீன் வாடை அடித்தது. அவள் பொருட்படுத்தவில்லை.

"இதையெல்லாம் எழுதத்தான் போறேன்," என்றாள் முகத்தைத் துடைத்துக்கொண்டு. "புத்தகம் வருது. என் பேரோட எழுதப் போறேன்."

"உங்க பேர் மட்டும் எப்படி? அப்புறம் நான் உத்தமன் மாதிரி ஆயிடுவேன். என் பேரையும் போடுங்க." சொன்னவர் சட்டென்று தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "ஐயோ."

"என்ன?"

"பியூலாவுக்குத் தெரியாது."

பியூலா அவர் மனைவி. நாடகத்தில் கடைசிவரை காத்திருக்கும் பெண்ணாக நடித்தவள். அவளுடைய சொந்தத் தங்கை ஓப்பல் ஆகேட் ஹார்பர் குழுவில் இருந்தாள். 'அந்தக் கூட்டம் வேணுமா, நான் வேணுமா' என்று பியூலா கேட்டிருக்கிறாள். ஓப்பல் நாடகத்தை விடவில்லை. அதிலிருந்து இருவரும் சாவு வீட்டில் பார்த்துக்கொண்டால்தான் உண்டு. ஓப்பலை ஹெல்மிக்கு நன்றாகத் தெரியும். சகோதரி என்று ஒருத்தி இருப்பதாகவே ஓப்பல் சொன்னதில்லை.

"பொண்டாட்டிகிட்ட ஏன் சொல்லலை?"

"அவ கோபம் அவ்வளவு அழகா இருந்தது. கலைக்க மனசு வரலை. அப்புறம் பயமாயிருச்சு." கிழவர் தூண்டிலைச் சுருட்டினார். "நீங்களும் கூட வாங்க. தனியா போனா என்னை அடுப்புல வெச்சிடுவா."

பியூலா சமையலறை மேசையில் பாஸ்டி செய்துகொண்டிருந்தாள். வட்டமாகத் தேய்த்த மாவுக்குள் இறைச்சியையும் உருளைக்கிழங்கையும் வைத்து, மடித்து, விளிம்பை விரலால் முறுக்கிக்கொண்டே வந்தாள். ஆகேட் ஹார்பர் என்றதும் அவள் முகம் இறுகியது. ரெய்னோ கதவோரம் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். ஹெல்மி தன் பங்கைச் சொன்னாள். பியூலாவின் விரல்கள் நிற்கவே இல்லை. கடைசி பாஸ்டியின் கடைசி முறுக்குவரை முடித்து, தட்டை அடுப்புக்குள் தள்ளி, கதவைச் சாத்தி, கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

"முப்பத்தஞ்சு கிறிஸ்துமஸ்," என்றாள் கணவனிடம். "முப்பத்தஞ்சு கிறிஸ்துமஸ் என் தங்கச்சி இல்லாம."

"தெரியும் பியூலா."

"உனக்கு என்னய்யா தெரியும்? உக்காரு. நின்னுக்கிட்டே முழிக்காதே." பிறகு ஹெல்மியின் பக்கம் திரும்பினாள். அவள் கேட்டது ஹெல்மி எதிர்பார்த்த கேள்வி அல்ல. "நீங்கதான் முன்வரிசையில உக்காந்து பாத்தீங்க. நான் நல்லா நடிச்சேனா, இல்லையா? எங்களை நீக்கினதால நடுவர் எங்களைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலை. எல்லாக் குழுவுக்கும் சொன்னாரு. எங்களுக்கு மட்டும் இல்லை. கோப்பை கிடக்கட்டும், அதை மட்டும்தான் நான் நினைச்சுக்கிட்டே இருந்தேன்."

ஹெல்மி காரிலிருந்து எடுத்து வந்திருந்த உறையைத் திறந்தாள். நீக்கப்பட்ட குழுவுக்கும் நடுவர் தன் குறிப்பை எழுதித்தான் இருந்தார். கொடுப்பார் இல்லாமல் அது பெட்டியோடு கிடந்துவிட்டது. மஞ்சளேறிய அந்த ஒற்றைத் தாளை நீட்டினாள். பியூலா மூக்குக்கண்ணாடியைத் தேடினாள். ரெய்னோ எழுந்து எடுத்துக் கொடுத்தார். அவள் சத்தமாகவே படித்தாள்.

"'காத்திருக்கும் மனைவியாக வருபவர் ஒரு சொட்டுக் கண்ணீர்கூட விடுவதில்லை. தன் கையுறைகளைக் கழற்றுகிறார், மறுபடி போட்டுக்கொள்கிறார். பதினோரு வருடமாக நடுவராக இருக்கிறேன். மேடையில் ஒருவர் இப்படிக் காத்திருந்து நான் பார்த்ததில்லை. இரண்டாவது பகுதியில் குரலைச் சற்று உயர்த்தலாம்.'"

"குரல் உயரலையாமா?" என்றாள் பியூலா. "அந்தாளுக்குக் காது கேக்கலை." ஆனால் தாளை மறுபடி முதலிலிருந்து படித்தாள், இந்த முறை வாய்க்குள்ளேயே. அப்புறம் சுவரோரம் இருந்த தொலைபேசியை எடுத்தாள். எண்ணைத் தேடவில்லை, விரல்களுக்கே தெரிந்திருந்தது.

"ஓப்பல்? நான்தான். யாரா? எத்தனை அக்கா உனக்கு? ... யாரும் சாகலை. உக்காரு, உனக்கு ஒண்ணு படிச்சுக் காட்டணும்."

ரெய்னோ கண்ணைக் காட்ட, இருவரும் ஓசைப்படாமல் கொல்லை வாசலுக்கு வந்து படியில் உட்கார்ந்தார்கள். கூரையின் பனி உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே பியூலா திட்டுவதும் சிரிப்பதும் கேட்டது.

"என்னை அடுப்புல வைக்கலை," என்றார் ரெய்னோ, நம்ப முடியாதவர்போல.

"இன்னும் பொழுது இருக்கு," என்றாள் ஹெல்மி.

அவளுக்குப் பசித்தது. மார்ச் மாதத்தில் இப்படிப் பசித்து எத்தனை காலம் ஆகிறது என்று யோசித்தாள். அன்று பியூலா வீட்டில் இரண்டு பாஸ்டி சாப்பிட்டாள். மூன்றாவதை ஒரு துணியில் சுற்றிக் கொடுத்து அனுப்பினார்கள்.

ஏழாவது அத்தியாயத்தை இரண்டே நாளில் எழுதி முடித்தாள். இருட்டையும் எழுதினாள், தொண்ணூற்று நான்கு வினாடிகளையும் எழுதினாள். சுரங்கத்தில் ஒட்டிய நோட்டீஸையும், வையோமிங்குக்குப் போனவர்களின் பெயர்களையும் விடவில்லை. ஜனீன் படித்துவிட்டுக் கூப்பிட்டாள். "ஏன் ஹெல்மி, இதையா இவ்வளவு வருஷம் தூக்கிட்டுத் திரிஞ்சீங்க?" என்று மட்டும் கேட்டாள். ஒரு எழுத்தையும் மாற்றவில்லை.

மே மாதம் பொன்விழாக் கூட்டம். பதினான்கு ஊர்களிலிருந்தும் வந்திருந்தார்கள். விலகிப்போன மேற்கு ஊர்க்காரர்களும் ஒரு வேனில் வந்து இறங்கினார்கள். பியூலாவும் ஓப்பலும் ஒரே மேசையில் உட்கார்ந்து, தங்கள் அம்மாவின் பெரிய பீங்கான் பாத்திரத்தை யார் எடுத்துப் போனது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். சண்டை மும்முரமாக இருந்ததால் இருவருமே சாப்பிடவில்லை.

ஹெல்மி மேடையேறி ஏழாவது அத்தியாயத்தை வாசித்தாள். தன் பெயர் வந்த இடத்தில் நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தாள். முடித்து நிமிர்ந்தபோது யாராவது எழுந்து நின்று ஏதாவது சொல்வார்கள் என்று காத்திருந்தாள். கைதட்டினார்கள். ரெய்னோ தொப்பியைத் தூக்கி ஆட்டினார். பின்வரிசையில் ஒரு வழுக்கைத் தலைக்காரர் புதுப் புத்தகத்தை விரித்துப் பிடித்தபடி கையை உயர்த்தினார்.

"எங்க ஊர் 1994ல ஜெயிச்சதை எழுதியிருக்கீங்க, சந்தோஷம்," என்றார். "ஆனா நாடகத்தோட பேர் தப்பு. அது 'மூன்று கரடிகள்' இல்லை. 'மூன்று காதலிகள்'."

அரங்கம் அதிர்ந்தது. ஹெல்மியும் சிரித்துக்கொண்டே பென்சிலை எடுத்தாள்.

"வேற ஏதாவது தப்பு இருக்கா?" என்று கேட்டாள். பதினைந்து கைகள் உயர்ந்தன.